ஏழு வாரச் சிகிச்சைக்குச் சென்னை போனால் எங்கே தங்குவது?

அப்பாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். 2022 ஆடி மாதம் சென்னையில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. தையல் பிரித்த அன்று டாக்டர் அடுத்த கட்டத்தைச் சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு முறை கதிர்வீச்சு, மொத்தம் 35 முறை. கூடவே வாரம் ஒரு கீமோ. "இதற்கு வார்டில் படுக்க வேண்டியதில்லை. காலையில் வந்து வைத்துக்கொண்டு போய்விடலாம்" என்றார்.

போய்விடலாம் என்றால் எங்கே போவது? எங்கள் ஊர் கமுதிக்குப் பக்கம். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். அறையை விட்டு வெளியே வந்ததும் தம்பி என்னைத்தான் பார்த்தான்.

சிகிச்சைச் செலவு எங்களை அழுத்தவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அட்டை இருந்ததால் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் நாங்கள் பணம் கட்டவில்லை. ஆனால் தங்குவது, சாப்பிடுவது, போய்வருவது எல்லாம் நம் கைக்காசு. கடன் வாங்க வைப்பது பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

அந்த இரண்டரை மாதத்தில் நாங்கள் ஏறக்குறைய எல்லா வழிகளையும் பார்த்துவிட்டோம். சிலவற்றில் தங்கினோம், சிலவற்றை விசாரித்துவிட்டு விட்டோம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நோயாளிக்கு எது வசதி, எது மலிவு என்று மட்டும் பார்த்து இடம் பிடிக்கக்கூடாது. துணைக்கு இருப்பவர் இரவில் கால் நீட்டித் தூங்க முடிகிறதா, வேளைக்குச் சாப்பிட முடிகிறதா என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். அவர் விழுந்துவிட்டால் நோயாளியை யாரும் அழைத்துப்போக மாட்டார்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சில் நாள் தவறினால் சிகிச்சையின் பலன் குறையும்.

இடம் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது. இதே கதிர்வீச்சை ஊருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாதா? அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் ஒரே கூரையின் கீழ்தான் நடக்க வேண்டும் என்று எல்லா நோயாளிகளுக்கும் கட்டாயம் இல்லை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து மதுரை இரண்டரை மணி நேரப் பஸ் பயணம். நானே மதுரையில்தான் குடியிருக்கிறேன். ஆனாலும் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று அன்று தோன்றவில்லை. பயத்தில் இருக்கும்போது, தொடங்கிய இடத்தை விட்டு நகரவே மனம் வருவதில்லை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இராமநாதபுரம், விருதுநகர், திண்டுக்கல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லா இடத்திலும் கதிர்வீச்சுக் கருவி இருக்காது. ஆனால் இரத்தப் பரிசோதனை, காயத்துக்குக் கட்டுப் போடுவது, சாப்பாடு இறக்க மூக்கில் போட்ட குழாயை மாற்றுவது போன்றவற்றுக்காகச் சென்னைக்கு ரயில் ஏறத் தேவையில்லாமல் போகலாம். அறுவை செய்த டாக்டர் "இங்கேயே தொடர்வதுதான் நல்லது" என்று காரணத்தோடு சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமலே முடிவு செய்யாதீர்கள்.

இனித் தங்கும் இடங்கள்.

அறுவைக்காக அப்பா வார்டில் இருந்த 12 நாளும் நாங்கள் மருத்துவமனை வளாகத்திலேயே கிடந்தோம். ஆண்கள் வார்டில் இரவில் பெண்கள் இருக்கக்கூடாது. தம்பி அப்பாவின் கட்டிலுக்குக் கீழே போர்வையை விரித்துப் படுத்தான். அம்மா வெளியே வராந்தாவில், நாலைந்து மாவட்டத்துப் பெண்களோடு, துணிப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். பணமும் காப்பீட்டு அட்டையும் இடுப்பில். வராந்தாவின் பலம் ஒன்றே ஒன்று, பக்கத்தில் இருப்பது. நடு இரவில் நர்ஸ் கூப்பிட்டு மருந்துச் சீட்டைக் கொடுத்தால் ஓட ஆள் உண்டு. வாடகை இல்லை. சென்னை அரசு மருத்துவமனைகளில் அம்மா உணவகம் இருப்பதால் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கிடைக்கும். தனியார் மருத்துவமனை வாசலில் அது கிடையாது.

ஒன்பதாம் நாள் காலை, இரத்த வங்கி வரிசையில் நிற்கும்போது அம்மா அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை, உதடு நடுக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "வரிசை போய்விடும், அப்புறம் சாப்பிடலாம்" என்று நின்றிருக்கிறார். பின்னால் நின்ற தருமபுரிப் பக்கத்து அம்மா ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். டீக்கடையில் கேட்டு வாங்கிய சர்க்கரைப் பொட்டலம் அதில் இருந்தது. அம்மாவின் வாயில் அதைக் கொட்டி, கன்னத்தைத் தட்டி, "முழுங்கு தாயே, முழுங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்தில் அம்மா எழுந்துவிட்டார். எழுந்ததும் கேட்டது, "என் இடத்தை யாராவது பார்த்துக்கொண்டார்களா?"

மூன்று நான்கு நாள் என்றால் வராந்தா போதும். அதற்கு மேல் என்றால் இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் இருக்க, மற்றவர் வெளியே போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வர வேண்டும். சென்னையில் சில அரசு மருத்துவமனை வளாகங்களில், நோயாளிகளுடன் வந்தவர்களுக்கென்று மாநகராட்சி காப்பகங்கள் இருக்கின்றன. வந்த அன்றே விசாரியுங்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே பத்தாம் நாள்தான் தெரிந்தது. துணைக்கு வருபவர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வந்துகொண்டிருந்தது. ஊரை விட்டுக் கிளம்பினால் அது நின்றுபோகும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சொல்லி இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

வார்டிலிருந்து வெளியே வந்ததும் சித்தி வீட்டுக்குப் போனோம். ஆவடி. "சொந்தம் இருக்கும்போது லாட்ஜில் தங்குவதா?" என்று சித்தப்பாவே ஸ்டேஷனுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டார். இரண்டே அறை உள்ள வீடு. பிளஸ் டூ படிக்கும் பையன் கூடத்தில் படுத்துக்கொண்டு அறையை எங்களுக்குக் கொடுத்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சித்தி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அப்பாதான் கூசினார். வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. துப்புவதற்கு ஒரு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டே இருப்பார். பையன் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் கஞ்சியைக் குடிப்பார், சில வேளை அதுவும் வேண்டாம் என்பார். மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். முதல் வாரம் தாங்கியது. கதிர்வீச்சில் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் வாய் புண்ணாகத் தொடங்கும். அந்த வாயோடு நெரிசலில் நிற்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உறவினர் வீட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நோயாளிக்கு வைத்துக்கொள்வதைவிடத் துணைக்கு இருப்பவருக்கு வைத்துக்கொள்வது நல்லது. பிறகு நாங்கள் அப்படித்தான் செய்தோம். சனிக்கிழமை காலை நான் போய் அப்பாவோடு இருக்க, அம்மா சித்தி வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, துணி துவைத்து, நன்றாகத் தூங்கி, ஞாயிறு மாலை திரும்புவார். ஏழு வாரம் ஒரு வீட்டில் பாரமாக இருப்பதும், வாரம் ஒரு நாள் விருந்தாளியாகப் போவதும் ஒன்றல்ல. சித்தி வீட்டு உறவு இன்றும் முறியாமல் இருக்கிறது.

லாட்ஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் விசாரித்த இடத்தில் நாள் வாடகை 700 ரூபாய். 49 நாளுக்குக் கணக்குப் போட்டால் 34,300. சமைக்கக்கூடாது. மருத்துவமனை வாசலில் "ரூம் வேண்டுமா" என்று நெருங்கி வருகிறவர் கமிஷனுக்காக வருகிறவர், அவர் பின்னால் போகாதீர்கள். பரிசோதனைகளுக்காக வந்திருக்கிறீர்கள், மூன்று நாளா பத்து நாளா என்றே தெரியவில்லை என்றால் லாட்ஜ் சரி. முன்பணம் மாட்டிக்கொள்ளாமல் கிளம்பலாம். வேலூரின் கதை வேறு. அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அதற்கேற்றபடி அங்கே பல லாட்ஜுகளில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். வேலூருக்குப் போகிறவர்கள் சமையலுக்கு அனுமதிக்கும் லாட்ஜாகக் கேட்டுப் பிடித்தால் நாள் வாடகையிலேயே சமாளிக்கலாம்.

அறக்கட்டளைகளும் மடங்களும் கோயில்களும் நடத்தும் இல்லங்கள் எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றிலும் மேலானவை. இது நம் மண்ணில் புதிதும் அல்ல. தஞ்சை மராட்டியர் காலத்துச் சத்திரங்களில், வழிப்போக்கர் நோய்வாய்ப்பட்டால் மருந்தும் பத்திய உணவும் கொடுத்துக் குணமாகும்வரை வைத்திருந்தார்கள். இன்று அந்த வேலையைச் செய்கிறவை இந்த இல்லங்கள். கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. பணத்தைவிடப் பெரிது, அங்கே இருக்கும் எல்லோரும் அதே பாடு படுகிறவர்கள் என்பது. மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை மூன்று வாரம் முன்னால் வந்த குடும்பம் சொல்லிக்கொடுத்துவிடும். அங்கே அப்பா மடியில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கிடைப்பதுதான் கடினம். நேராகப் போய்க் கதவைத் தட்டினால் பெரும்பாலும் இடம் தர மாட்டார்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமிருந்து கடிதம் கேட்பார்கள். பலருக்கு அப்படி ஒரு பணியாளர் இருப்பதே தெரியாது. சிகிச்சைத் தேதி முடிவான அன்றே அவரைத் தேடிப்போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள். நோயாளி குழந்தை என்றால், 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட்ஸ் இல்லங்களைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வெளியூரிலிருந்து வரும் குழந்தைகளையும் பெற்றோரையும் சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும் இலவசமாகத் தங்க வைக்கிறார்கள். குடும்பத்துக்குத் தனி இடம், தாய் தன் கையால் சமைத்துக்கொடுக்க அடுப்பு. பெரியவர்களுக்கான இல்லங்களில் நாள் வரம்பு, இரவில் கதவு அடைக்கும் நேரம், ஒரு துணைக்கு மட்டும் அனுமதி என்று விதிகள் உண்டு. அவற்றை ஏற்றுக்கொண்டு போகலாம், தகும். எங்களுக்குக் கிடைத்த பதில், "நான்கு வாரம் கழித்து இடம் காலியாகும்" என்பது. அப்போது அப்பாவுக்குப் பாதிக் கதிர்வீச்சு முடிந்திருக்கும்.

கடைசியில் மாத வாடகைக்கு ஓர் அறை பிடித்தோம். மருத்துவமனையிலிருந்து அப்பா மெல்ல நடந்து பத்து நிமிடம். வாடகை 6,500, முன்பணம் இரண்டு மாதம். இரண்டு மாத வாடகை 13,000, லாட்ஜ் கணக்கில் பாதிகூட இல்லை. முன்பணம் திரும்ப வந்துவிட்டது. திரும்ப வரும்படி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்காரர் முதலில் தயங்கினார். "தப்பாக நினைக்காதீர்கள் அம்மா, எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது ஒட்டிக்கொள்ளுமா? கரண்ட் வைத்துக்கொண்டு வந்தால் பக்கத்தில் இருக்கலாமா?" என்று கேட்டார். கரண்ட் என்று அவர் சொன்னது கதிர்வீச்சை. புற்றுநோய் தொற்றாது. வெளியிலிருந்து கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு முடிந்து எழுந்ததும் உடம்பில் கதிர் எதுவும் தங்கியிருக்காது, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். டாக்டரிடம் கேட்டுவந்து சொன்னோம். அதன் பிறகு அந்தப் பிள்ளைகள்தான் மாலையில் அப்பாவுக்குப் பேச்சுத் துணை.

இந்த வழியைத் தேர்ந்ததற்குக் காரணம் அடுப்பு. மூன்றாவது வாரம் அப்பாவின் வாய் முழுக்கப் புண். உப்பு பட்டால் எரியும், மிளகாய் வாசனையே ஆகாது. எந்த ஓட்டலில் காரமில்லாமல், புளிப்பில்லாமல், சூடில்லாமல், விழுங்குகிற பதத்தில் சாப்பாடு போடுவார்கள்? அம்மா கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டுவார். சோற்றையும் பாசிப்பருப்பையும் குழைய வேகவைத்து, ஆறவிட்டு, மிக்சியில் அடித்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டு, கரண்டியைக் கவிழ்த்தால் தடையில்லாமல் வழிகிறதா என்று பார்ப்பார். வழிந்தால்தான் அப்பாவுக்கு இறங்கும். ஒரு கிண்ணம் குடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஆறு கிண்ணம். மூக்கில் குழாய் போடாமலே 35 நாளும் முடிந்ததற்கு அந்த அடுப்பும் மிக்சியும்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். அம்மாவுக்கும் வேளைக்குச் சூடான சாப்பாடு கிடைத்தது. இரத்த வங்கி வரிசையில் நடந்தது மறுபடி நடக்கவில்லை.

அரிசிக்குச் சிரமப்படவில்லை. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டை வைத்து மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். கார்டில் பெயர் உள்ளவர் ஒருவர் உடன் இருந்தால் போதும், ஆகவே கார்டை ஊரில் விட்டுவிட்டு வராதீர்கள். சாதாரண மாநகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அம்மாவின் ஆவடிப் பயணத்துக்கும் செலவில்லை. அறை பார்க்கும்போது மூன்றைப் பாருங்கள்: தரைத்தளம், உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை, இரவில் ஆட்டோ வந்து நிற்கக்கூடிய தெரு. மற்றதெல்லாம் சமாளிக்கலாம். அறையின் குறை, தனிமை. ஐந்து மணிக்கு மேல் அம்மாவும் அப்பாவும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

தங்காமல் போய்வருவது சிலருக்குத்தான் பொருந்தும், ஆனால் அவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். 21 நாளுக்கு ஒரு கீமோ என்றால் சென்னையில் வீடு பிடிப்பது வீண். புற்றுநோய் நோயாளி சிகிச்சைக்குப் போக ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும். டயாலிசிஸுக்கும் இதய அறுவைக்கும் போகிறவர்களுக்கும் சலுகை உண்டு. ஒரே ஓர் ஆபத்தைச் சொல்லிவிட வேண்டும். கீமோ போட்ட ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, அன்றே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஆகவே ஊருக்குப் போகுமுன், "காய்ச்சல் வந்தால் எங்கள் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது" என்று கேட்டு, சிகிச்சைச் சுருக்கத்தின் நகல் ஒன்றைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும்.

எது யாருக்கு என்று கேட்டால் என் கணக்கு இது. தினமும் போக வேண்டிய நீண்ட சிகிச்சைக்கு முதலில் இல்லத்துக்குப் பெயர் கொடுங்கள், கிடைக்காவிட்டால் அடுப்புள்ள அறை. கிடைக்கும்வரை ஒரு வாரம் உறவினர் வீடு. வார்டில் படுத்திருக்கும் நாட்களுக்கு இரண்டு துணை, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே தூங்க. லாட்ஜ் முதல் மூன்று நாளைக்கு. ஊரில் விட்டு வந்தவர்களையும் கணக்கில் சேருங்கள். எங்கள் வீட்டில் எட்டு ஆடு, ஒரு பசு, பள்ளிக்குப் போகும் இரண்டு குழந்தைகள், எல்லாவற்றையும் தம்பி மனைவி ஒருத்தி பார்த்தாள். புரட்டாசி உழவுக்குத் தம்பி ஊரில் இருந்தாக வேண்டியிருந்தது. அவன் போன இரண்டு வாரம் நான் விடுப்புப் போட்டுக்கொண்டு வந்தேன். யார் எந்த வாரம் என்பதைக் காலண்டரில் எழுதிச் சமையல் மேடைக்கு மேலே மாட்டியிருந்தோம். அம்மா தினமும் காலையில் ஒரு கட்டத்தை அடிப்பார்.

இப்போது அப்பா பரிசோதனைக்கு மட்டும் போகிறார். பரமக்குடியில் இரவு ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். காத்திருப்பு அறையில் முகம் கழுவி, அம்மா கட்டிக் கொடுத்த குழைசோற்றைச் சாப்பிட்டுவிட்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு அன்று இரவே திரும்பிவிடுகிறார். தங்கும் செலவு இல்லை. போகிற வழியில் பழைய வீட்டுக்காரர் வீட்டுக்கு ஒரு பை முண்டு மிளகாய் கொண்டுபோவார்.